சுந்தரலிங்கத்தின் ஓட்டை வலைகள்

எங்கள் ஓடைப்பட்டியிலிருந்து கடலைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் லாரியில் ஏழு மணி நேரம் ஆகும். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் முப்பது வருடமாக ஓங்கிலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் அவரை ஊர் என்னவென்று சொல்லும்? எங்கள் ஊரும் அதைத்தான் சொன்னது. நானும் சேர்ந்துதான் சொன்னேன். ஓங்கில் என்பது டால்பினுக்குக் கடற்கரைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர். அந்த மனிதர் சுந்தரலிங்கம், என் அக்கா அக்கம்மாளின் வீட்டுக்காரர். இதில் வேடிக்கை என்னவென்றால், மச்சான் தன் வாழ்நாளில் ஓர் ஓங்கிலைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

அவர் பார்த்ததெல்லாம் ஓட்டைகள்தான். அதற்கு முதலில் வலைக் கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்த் தோட்டங்களில் திராட்சை நிறம் மாறத் தொடங்கினால் மைனாவும் கிளியும் கொண்டைக்குருவியும் பந்தலை மொய்த்துவிடும். பொழுது சாய்ந்தால் வௌவால். தகரம் தட்டி, வெடி போட்டு, தொண்டை கிழியக் கத்தி அலுத்துப்போன காலத்தில், கடலில் போட்டுத் தேய்ந்த பழைய நைலான் வலையை வாங்கிவந்து பந்தல் மேல் விரிக்கலாம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். கண்ணி பெரிதாக இருந்தாலும் இரண்டு மடிப்பாகப் போட்டால் மைனா நுழையாது. மீனவருக்கு உதவாத வலை எங்களுக்கு உதவியது. மச்சான் அந்த வியாபாரத்தில் இறங்கினார். தொண்ணூற்று நான்காம் வருடம் என்று நினைவு. அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, எனக்கு இருபத்திரண்டு. அக்காவைக் கட்டியவர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? நானும் லாரியில் ஏறிக்கொண்டேன்.

லாரி உத்தமபாளையம் மீரான் மைதீனுடையது. போகும்போது இராமநாதபுரம் மார்க்கெட்டுக்குப் பன்னீர் திராட்சைப் பெட்டிகள், வரும்போது வலை. போகும்போது லாரி முழுக்க இனிப்பு மணக்கும். வரும்போது ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுகிறவரை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும். மீரான் மைதீனின் மனைவி ரம்லத் அக்கா மூன்று பேருக்கு இடியப்பமும் கறிக்குழம்பும் கட்டிக்கொடுப்பார்கள். ஆறு பேர் சாப்பிடலாம். மதுரை தாண்டி மரத்தடியில் லாரியை நிறுத்திச் சாப்பிடுவோம். சாப்பிட்டு முடித்ததும் மீரான் மைதீன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு பாடுவார். பரமக்குடி தாண்டியதும் காற்றில் உப்பு ஏறும், உதட்டை நக்கினால் தெரியும். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கிறது. மூன்று பேரும் சிரித்தது போல அப்புறம் நான் யாரோடும் சிரித்ததில்லை.

மச்சானை ஒருதடவை படகில் ஏற்றினார்கள். கரையிலிருந்து நூறு அடி போவதற்குள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. அப்படியே திருப்பிக்கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அதோடு கடலுக்கும் அவருக்கும் உள்ள உறவு முடிந்தது. கரையில் நின்றுதான் எல்லா வியாபாரமும்.

முதல் வருடமே தகராறு வந்தது. முனியராஜ் என்ற மீனவரிடம் வாங்கிய வலையை ஊருக்குக் கொண்டுவந்து விரித்தால், நடுவில் எருமை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. சுருளுக்கு உள்ளே அதை மறைத்து வைத்திருந்திருக்கிறார். அக்காவுக்கு வந்ததே கோபம்.

"எருமை போற ஓட்டை வலைய எடுத்துட்டு வந்திருக்கீகளே, ஒங்களுக்குக் கண்ணு எங்கன இருந்துச்சு?"

அடுத்த நடையில் மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் லாரியை விட்டு இறங்கினார். நான் சண்டை பார்க்கும் ஆசையில் பின்னாலேயே போனேன். முனியராஜுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மச்சான் கத்தி முடிக்கிறவரை தலைகுனிந்து நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்.

"ஓங்கில் மாட்டிக்கிருச்சுண்ணே. அது மீனு மாதிரி இல்ல, மேல வந்து மூச்சு விடணும். வலையில சிக்கினா முங்கியே செத்துரும். குட்டி ஒண்ணு வெளிய சுத்திச் சுத்தி வருது. பாக்க முடியலண்ணே. அதான் கத்திய வச்சு வெட்டி விட்டுட்டேன். வெட்டுன வலைய எந்த யாவாரியும் எடுக்க மாட்டேங்குறாக. ஒங்ககிட்டச் சொல்லாம சுருட்டிட்டேன். தப்புதான்."

மச்சான் கடலைப் பார்த்தார். பிறகு மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "இனிமே ஓங்கிலுக்காக வெட்டுன வலையின்னா மறைக்காமக் கொண்டாய்யா. நான் வெலையக் கொறைக்காம எடுத்துக்கிறேன். மத்தவுககிட்டயும் சொல்லு" என்றார்.

சண்டை போடப் போனவர் இன்னும் இரண்டு ஓட்டை வலைகளை வாங்கிக்கொண்டு திரும்பினார். மீரான் மைதீன் கணவாய் வரைக்கும் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பாறையில் மாட்டிக் கிழிந்த வலையை மச்சான் எடுக்க மாட்டார், கழித்துவிடுவார். கத்தியால் வெட்டிய வலையை முழு வலையின் விலைக்கே எடுத்துக்கொள்வார். கிழிந்த ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும், வெட்டிய ஓரம் நேராக இருக்கும். அதைத் தடவிப் பார்த்து, "இது ஓங்கில் ஓட்டை" என்று தனியே வைப்பார். அந்த வலைகளை ஊரில் எவனும் வாங்க மாட்டான். எல்லாம் மச்சானின் இரண்டு ஏக்கர் தோட்டத்துக்கே வரும். ஓட்டையை அடைக்கும் வேலை அக்காவுக்கு. வேறொரு வலையின் துண்டை வைத்து, தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று சிவப்பு நைலான் நூலால் தைப்பாள். கையும் ஓடும், வாயும் ஓடும்.

"கடல்ல கெடக்குற பன்னிக்கு ஓடைப்பட்டியில ஒருத்தி சட்டை தச்சுக்கிட்டுக் கெடக்கா. இத எங்கன போயிச் சொல்ல!"

திட்டிக்கொண்டேதான் தைத்தாள், ஆனால் ஒரு தையல் விட்டுப்போனதில்லை. இருபது வருடத்தில் முப்பத்தேழு ஒட்டுகள். எண்ணிக்கை மச்சானுக்கு மறந்தாலும் அக்காவுக்கு மறக்காது. மத்தியானத்தில் பந்தலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு மச்சான் மேலே பார்ப்பார். இலைக்கு நடுவில் அங்கங்கே சிவப்பு தெரியும். "மாப்ள, அந்தா மேக்க இருக்கு பாரு, அது பெருசு. தாயா இருக்கும். இது சின்னது" என்பார். ஒட்டுக்கு ஓர் உயிர் என்று, முப்பத்தேழு உயிர் எங்கேயோ நீந்திக்கொண்டிருப்பதாக மச்சானின் கணக்கு. ஊரில் அவருக்கு 'ஓட்டைவலை' என்று பட்டப்பெயரே விழுந்தது. சிரித்தவர்களில் என் சத்தம்தான் பெரிது.

ஏனென்றால் எனக்கு ஒரு விஷயம் தெரியும். மூன்றாம் வருடம் என்று நினைவு. மச்சான் கரையில் வலையை எடை போட்டுக்கொண்டிருந்தார். நான் ஒண்ணுக்குப் போகப் படகுகளுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அங்கே முனியராஜ் குத்தவைத்து உட்கார்ந்து, பாறையில் கிழிந்த ஒரு வலையின் பிசிறுகளையெல்லாம் கத்தியால் நேராக வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. முகம் செத்துவிட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் அந்த வலை, 'ஓங்கில் ஓட்டை' என்று மச்சான் கையால் தனியே வைக்கப்பட்டது.

நான் சொல்லவில்லை. சொன்னால் இந்தப் பயணம் நின்றுபோகும், மரத்தடி இடியப்பம் நின்றுபோகும் என்ற சுயநலம் ஒன்று. இவ்வளவு பெரிய ஆளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறதே என்ற கொழுப்பு இன்னொன்று. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை.

பிறகு பறவை வலையே புதிதாகச் சுருள் சுருளாகக் கடைக்கு வந்தது. பழைய வலையை யாரும் தேடவில்லை. மீரான் மைதீன் லாரியை விற்றுவிட்டு மகன் நவாஸின் மளிகைக் கடையில் உட்கார்ந்துவிட்டார். மச்சானுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. கடற்கரைக்குப் போய்ப் பத்துப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. ஊரெல்லாம் புது வலை பளபளக்க, மச்சான் தோட்டத்தில் மட்டும் அந்தப் பழுப்பு வலையும் சிவப்பு ஒட்டுகளும் கிடந்தன. மாற்றச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

சமீப காலமாக அவருக்கு ஒரு நினைப்பு வந்து அரிக்கத் தொடங்கியிருந்தது. செல்போனில் யாரோ ஓங்கில் வீடியோ ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவர் என்னிடம் கேட்டார்.

"ஏலே மாப்ள, நான் ஒண்ணைக்கூடப் பாக்கலையே. மீன்காரவுக சொன்னதுதான். நெசமாவே முப்பத்தேழும் பொழைச்சிருக்குமாலே? என்னைய ஏமாத்தியிருக்க மாட்டாகல்ல?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்" என்று எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அவர் விடவில்லை. வாரத்துக்கு ஒருதடவை கேட்டார். அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிதருக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

போன தை மாதம், அறுவடைக்கு இருபது நாள் இருக்கும்போது, ஒரு பெண் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோளில் பை, பையில் ஓங்கில் படம் போட்ட நோட்டீஸ் கட்டு. நான் மச்சான் தோட்டத்தில் மருந்து டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஓட்டை வலை எடுக்குற ஐயா வீடு இதானாங்க? பஸ் ஸ்டாண்டுல கேட்டேன், எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வழி சொன்னாக."

பெயர் கயல், இருபத்தொன்பது வயது. ஓங்கிலைக் காப்பாற்றப் பிரசாரம் செய்யும் குழு ஒன்றில் வேலை பார்க்கிறாளாம். ஊர் ஊராகப் பறையடித்து, நாடகம் போட்டு, சுவரில் படம் வரைந்து, ஓங்கில் சிக்கினால் வலையை வெட்டி விடுங்கள் என்று மீனவர்களிடம் சொல்கிற வேலை. அக்கா காபி கொண்டுவந்தாள். பந்தலுக்குக் கீழேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தோம்.

"நாடகம் போட்டா கை தட்டுறாகய்யா. முடிஞ்சதும் ஒரே கேள்விதான் கேக்குறாக. ஓங்கிலு பொழைச்சுரும், வலை போச்சுன்னா நாங்க எப்புடிப் பொழைக்கிறது? வெட்டுன வலைய எவன் எடுப்பான்? எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியல. அப்பத்தான் வயசானவுக சொன்னாக, முன்ன ஓடைப்பட்டியில இருந்து ஒருத்தர் வந்து எடுத்துக்கிட்டுப் போவாருன்னு."

மச்சானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "நீ யாரு மக தாயி?" என்றார்.

"முனியராஜ் மக."

டிரம்மைப் பார்க்கப் போகிறேன் என்று எழுந்தேன். மச்சான் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். "இவ அப்பந்தாம்லே மொதல்ல வெட்டுனது! இருலே, எங்கன போற? தாயி, அப்பா நல்லாருக்காகளா?"

கயல் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"போன வருசம் தவறிட்டாகய்யா. போறதுக்கு முந்தி என்கிட்ட ஒண்ணு சொன்னாக. எங்கேயாவது ஓடைப்பட்டிக்காரரைப் பாத்தா சொல்லிரு தாயின்னு. அது… மொத வலை ஓங்கிலுக்காக வெட்டுனது இல்லையாம். பாறையில கிழிஞ்சதாம். நீங்க சண்டைக்கு வந்து நின்னதும் பயத்துல வாயில வந்ததச் சொல்லிட்டாகளாம். குட்டி சுத்தி வந்துச்சுன்னு சொன்னதெல்லாம் பொய்யாம். அதுக்கு அப்புறமும் நாலஞ்சு வலைய, கிழிஞ்சதக் கத்தியால சீவி ஒங்ககிட்டக் குடுத்திருக்காக. இன்னும் சில பேரும் செஞ்சிருக்காக. மன்னிச்சுக்கங்கய்யா."

பந்தல் மேல் ஒரு மைனா கத்திக்கொண்டிருந்தது. அக்கா, வாய் மூடாத என் அக்கா, முந்தானையைக் கையில் பிடித்தபடி நின்றாள். மச்சான் மேலே பார்த்தார். மேற்கே இருந்த பெரிய ஒட்டு, அவர் தாய் என்று சொல்வாரே, அதைப் பார்த்தார். பிறகு பார்வையைக் கீழே இறக்கிவிட்டார். நான் அவர் அழுது பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, ஆனால் அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

"எனக்குத் தெரியும் மச்சான்" என்றேன். "படகுக்குப் பின்னால அவரு சீவிக்கிட்டு இருந்ததப் பாத்தேன். சொல்லல."

"எப்ப?"

"தொண்ணூத்தாறுல."

மச்சான் என்னைத் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். "முப்பது வருசமாவாலே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. எழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் பக்கமாக நடக்கத் தொடங்கினார்.

"ஐயா, இருங்க. பாதிதான் சொல்லியிருக்கேன்." கயல் எழுந்து அவர் எதிரே போய் நின்றாள். "எனக்கு ஒம்பது வயசு. லீவுன்னு அடம்புடிச்சு அப்பாவோட வலையெடுக்கப் போனேன். விடிஞ்சும் விடியாம இருக்கு. இழுக்க இழுக்க வலை கனக்குது. பெரிய மீனுன்னு நெனச்சோம். மேல வந்தா ஓங்கிலு. இந்தக் கட்டில் நீளம் இருக்கும். உசுரோட இருக்கு. மேல இருக்குற துவாரத்தால புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுது, வலை அத மறுபடி உள்ள இழுக்குது. அப்பா கத்திய எடுத்துட்டாக. ஆனா வெட்டல. அது புது வலைய்யா, வாங்கி ஒரு மாசந்தான் ஆச்சு. கையில கத்திய வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறாக. கூட வந்த சித்தப்பா, 'வேணாம்ண்ணே, பேசாம விடு, செத்தா இழுத்துத் தள்ளிருவோம்'ங்கிறாரு."

"அப்பறம்?" என்றாள் அக்கா.

"அப்பா எங்க சித்தப்பாவப் பாத்துச் சொன்னாக: 'ஓடைப்பட்டிக்காரரு எடுத்துக்குவாருடா.' சொல்லிட்டு ஒரே இழுப்பு. மூணு எடத்துல வெட்டுனாக. அது ஒடனே போகலய்யா. படகு பக்கத்துலயே கொஞ்ச நேரம் மெதந்துச்சு. நான் கைய நீட்டித் தொட்டேன். ரப்பர் மாதிரி வழுவழுன்னு இருந்துச்சு. அப்பறம் போயிருச்சு. அந்த ஒரு நாளுனாலதான் நான் இந்த வேலைக்கு வந்தேன். அதுக்கப்பறம் அப்பா பொய்யா ஒண்ணுகூட வெட்டல. நெசமாவே ஏழு வெட்டுனாக, எனக்குத் தெரிஞ்சு."

மச்சான் அப்படியே நின்றார்.

"என் பேரைச் சொன்னாகளா? கடல்லயா?"

"பேரு தெரியாதுங்கய்யா. ஓடைப்பட்டிக்காரருன்னுதான் சொல்லுவாக. அந்தக் கரையில இப்பவும் கத்திய எடுத்தா அதான் சொல்லுவாக. நீங்க வர்றத நிறுத்திப் பத்து வருசமாச்சு. இன்னும் சொல்லிக்கிட்டுதான் வெட்டுறவுக வெட்டுறாக. ஆனா எடுக்கத்தான் ஆளு இல்ல."

படகில் நூறு அடி போக முடியாத மனிதரை, அவர் பார்க்காத கடலில், பார்க்காத ஒரு பிராணிக்கு முன்னால் நின்றுகொண்டு யாரோ நினைத்திருக்கிறார்கள்.

"அந்த மூணு வெட்டு வலை," என்றாள் அக்கா திடீரென்று. "பச்சைக் கயிறு கட்டுனதா? அடுத்தடுத்து மூணு வெட்டு, புது நூலா இருந்துச்சே? தைக்கவே மனசு வரல, இவ்வளவு புது வலைய எந்தப் பாவி வெட்டுனான்னு திட்டிக்கிட்டே தச்சேன். அது கெழக்கு மூலையில கெடக்கு."

நாலு பேரும் போனோம். கிழக்கு மூலையில், காய்த்துத் தொங்கிய குலைகளுக்கு மேலே, வெளுத்துப்போன பச்சைக் கயிற்றை ஒட்டி மூன்று சிவப்பு ஒட்டுகள் வரிசையாக இருந்தன. கயல் நிமிர்ந்து பார்த்தாள். கையை மேலே நீட்டினாள், எட்டவில்லை. மச்சான் கல்தூணில் சாய்ந்தபடி வலையை எட்டிப் பிடித்துக் கீழே இழுத்துக்கொடுத்தார். அவள் அந்தத் தையலைத் தடவிக்கொண்டே அழுதாள். அப்போதுதான் மச்சானும் அழுதார்.

கொஞ்ச நேரம் கழித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ அன்னைக்கே சொல்லியிருந்தா நான் எடுக்கறத நிறுத்தியிருப்பேன்லே" என்றார். "அதுக்காக ஒன்னைய விட்டுருவேன்னு நெனைக்காத. மீரான் மைதீனுக்குப் போன் போடு, கரைக்குப் போறோம். லாரி இல்லாட்டியும் அந்த ஆளு வரணும். ரம்லத்கிட்ட இடியப்பமும் சொல்லு."

"முழங்கால வச்சுக்கிட்டு எங்கன போறீக?" என்றாள் அக்கா. "தோட்டத்துக்குத்தான் வலை இருக்குல்ல? அந்த ஓட்டைகளக் கொண்டாந்து எங்கன போடப்போறீக?"

மச்சான் பந்தலை அண்ணாந்து பார்த்தார். அக்கா கேட்டது சரிதான். ஊரில் இனி எவனும் பழைய வலை போட மாட்டான். கயல் நோட்டீஸ் கட்டைக் கையில் பிடித்தபடி அக்காவைப் பார்த்தாள்.

அக்கா குனிந்து, உதிர்ந்து கிடந்த ஒரு குலையை எடுத்து மண்ணை ஊதிவிட்டுக் கயல் கையில் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏலே ராசபாண்டி, என் வாயப் பாத்துக்கிட்டு நிக்காம சின்னமனூருக்குப் போ. செவப்பு நூலு பத்து உருண்டை வாங்கிட்டு வா. வீட்டுல இருக்குறது பத்தாது."